ஆடு செத்ததையும் அறிக்கையில் எழுதலாமா?

முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்குக் கிட்டவுள்ள கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி ஐந்து பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் ஆட்களையும் காட்டிக்கொடுக்கக்கூடிய விபரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

போர் முடிந்து மீள்குடியேறிய கையோடு, 2011இல், பன்னிரண்டு பெண்கள் கூடித் தொடங்கிய சங்கம் அவர்களுடையது. இவர் செயலாளர். ஒரு முன்பள்ளியும் மாலை வகுப்பும் நடத்துகிறார்கள். 38 பிள்ளைகளுக்கு மாதம் 3,000 ரூபா வீதம் படிப்புச் செலவு கொடுக்கிறார்கள். காசு வருவது கனடா, சுவிஸ், லண்டன் என்று போய் இருக்கிற அதே ஊர்ச் சனத்திடமிருந்து. 2016இல் மாதாமாதம் அனுப்பியவர்கள் 41 பேர். இன்று 17 பேர். அனுப்புவதை நிறுத்திய 24 பேரில் மூவர் காலமாகிவிட்டார்கள், ஐவர் ஓய்வூதியத்துக்குப் போய்விட்டார்கள், பத்துப் பேர் ஏன் நிறுத்தினார்கள் என்று தெரியாது. மிச்ச ஆறு பேர் ஆட்டுக் கதையால் நின்றவர்கள்.

அந்தக் கதை இது. 2022இல் லண்டனிலுள்ள ஓர் அமைப்பு வாழ்வாதாரத்துக்கென்று ஒரு தொகை கொடுத்தது. ஐப்பசியில் 20 குடும்பங்களுக்கு இரண்டிரண்டாக 40 ஆடுகள் கொடுத்தார்கள். கொட்டில் போடுவதற்கென்று ஒதுக்கிய காசிலும் ஆடே வாங்கினார்கள், கூடுதலான குடும்பங்களுக்குக் கிடைக்கட்டும் என்று. மார்கழிக் குளிரில் 17 ஆடுகள் செத்துப்போயின. லண்டனுக்கு இதைச் சொல்லவில்லை. ஆடு வழங்கிய நாளில் எடுத்த படங்களைத்தான் அனுப்பினார்கள். மிஞ்சிய 90,000 ரூபாவில் முன்பள்ளிக் கூரைக்குத் தகரம் போட்டார்கள், அதையும் கேட்டுச் செய்யவில்லை. போன ஆவணியில் லண்டனிலிருந்து குடும்பத்தோடு லீவில் வந்த ஒருவர் முன்பள்ளிக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, “அந்த ஆடுகளையும் ஒருக்கா பாப்பமே” என்று கேட்டிருக்கிறார். இவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்குள் ஆறு பேரின் காசு நின்றுவிட்டது.

இப்போது ஆளுக்கொரு யோசனை. தலைவியின் மருமகன் ரொறன்ரோவில் இருக்கிறார். கலர் ஆண்டறிக்கை போடுங்கோ, பக்கத்துக்கு ஒரு பிள்ளையின் படமும் கண்ணீர்க் கதையும் வேணும், வரிச்சலுகை இலக்கத்தையும் போடுங்கோ என்கிறார். யாழ்ப்பாணத்து அச்சகம் ஒன்று 24 பக்கம், 200 பிரதிக்கு 185,000 ரூபா கேட்கிறது. தலைவியோ, “கணக்காய்வு அறிக்கை இருக்குத்தானே, அதை அனுப்பினால் காணும். ஆட்டுக் கதையை எழுதினால் இருக்கிற 17 பேரும் ஓடிவிடுவினம்” என்கிறார். இணைப்பாளரின் மாதச் சம்பளம் 35,000 ரூபாவை இதுவரை “கல்வி” என்ற தலைப்புக்குள் போட்டு வந்திருக்கிறார்கள். சுவிஸிலிருந்து ஒருவர் தான் உதவுகிற பிள்ளையின் படமும் போன் நம்பரும் கேட்கிறார். சகோதரியின் கடைசி வரி: “ஐயா, ஆண்டறிக்கை போட்டால் நின்றவர்கள் திரும்ப வருவார்களா?”

தங்கச்சி, கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். எல்லோரும் வரமாட்டார்கள். ஓய்வூதியத்தில் இருக்கிறவரிடம் மாதம் 50 டொலர் எதிர்பார்க்க முடியாது. ஆனால் இருக்கிற 17 பேர் தொடர்ந்து தருவார்களா என்பதும், அந்த ஆறு பேரில் ஒரு சிலராவது மறுபடி உங்கள் போனை எடுப்பார்களா என்பதும் நீங்கள் அடுத்ததாக அவர்களுக்கு என்ன எழுதி அனுப்பப்போகிறீர்கள் என்பதில்தான் தங்கியிருக்கிறது. வன்னியைச் சனம் மறந்துவிட்டது என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். மறந்த ஆள் லீவில் வந்து ஆட்டைக் காட்டச் சொல்லிக் கேட்பாரா?

கணக்காய்வு அறிக்கை எதைச் சொல்லும்

இருபது வருடத்துக்கு மேலாக வன்னியிலுள்ள சின்னச் சங்கங்களின் கணக்குப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் தலைவி அம்மாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 40 ஆடு வாங்கியதற்கு வவுச்சர் இருக்கிறதா, காசோலையில் இரண்டு கையெழுத்து இருக்கிறதா, வங்கிக் கூற்றோடு தொகை ஒத்துப்போகிறதா என்றுதான் கணக்காய்வாளர் பார்ப்பார். ஆடு உயிரோடு நிற்கிறதா என்று பார்க்கமாட்டார். உங்கள் 2022 கணக்கு என் கைக்கு வந்திருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். அந்தக் காகிதத்தில் ஒரு பிழையும் இராது, ஒரு செத்த ஆடும் இராது.

பதிவு செய்த இடத்துக்கு வருடாவருடம் கணக்கும் செயற்பாட்டு விபரமும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நீங்கள் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க, தன்னார்வ சமூக சேவை அமைப்புகளுக்கான சட்டத்தின் கீழ் பதிந்திருக்கிறீர்களா, பிரதேச செயலகத்தில் கிராம மட்டச் சங்கமாக மட்டும் பதிந்திருக்கிறீர்களா என்பது கடிதத்தில் தெளிவில்லை. எதுவானாலும் அது அரசாங்கத்துக்குச் செய்யும் கடமை. காசு தந்தவர்களுக்கு எழுதுவது வேறு ஒன்று.

சின்ன வயதில் எங்கள் ஊர்க் கோயிலில் பார்த்ததைச் சொல்கிறேன். திருவிழா முடிந்து வரும் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் எழுந்து நின்று வரவு செலவு வாசிப்பார். உபயகாரர்கள் முன்வரிசையில் சப்பாணி கட்டி இருப்பார்கள். ஒருமுறை ஒரு பெரியவர், “கற்பூரத்துக்கு இவ்வளவோ?” என்று குரல் கொடுத்தார். பொருளாளர் தாளை மடித்து வைத்துவிட்டு, “ஆறாந் திருவிழாவிலை மழை பெய்து ஒரு பெட்டி முழுக்க நனைஞ்சு போச்சு. மேலை சீற் போட்டு மூடாதது என்ரை பிழை. திரும்ப வாங்கினது” என்றார். கொஞ்சப் பேர் சிரித்தார்கள். அடுத்த வருடமும் அவர்தான் பொருளாளர், அடுத்த வருடமும் அதே பெரியவர்தான் ஆறாந் திருவிழா உபயம். நீங்கள் எழுத வேண்டிய ஆண்டறிக்கை அந்த மாதிரி. அதற்கு மருமகனோ அச்சகமோ தேவையில்லை.

ஆடுகள்

முதலில் ஓர் அவசர விடயம். அந்த லண்டன் அமைப்பு அங்கே அறக்கட்டளையாகப் பதிவு செய்யப்பட்டதாக இருந்தால், அதுவும் ஒவ்வோர் ஆண்டும் அறிக்கையும் கணக்கும் தயாரிக்க வேண்டும். வருமானம் ஒரு அளவைத் தாண்டினால், நிதியாண்டு முடிந்து 10 மாதத்துக்குள் அதை அங்குள்ள அறக்கட்டளை ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். அது இணையத்தில் எவரும் பார்க்கக்கூடிய ஆவணம். “வன்னியில் 20 குடும்பங்கள் ஆடு வளர்ப்பால் பயன்பெற்றன” என்று, உங்கள் படங்களை நம்பி, அவர்கள் ஏற்கெனவே எழுதியிருக்கக்கூடும். ஆகவே ஆண்டறிக்கையில் இதை அவர்கள் முதல்முறையாக வாசிக்கக் கூடாது. இந்தக் கிழமையே தலைவியும் நீங்களும் பொருளாளரும் கையெழுத்து வைத்து ஒரு கடிதம் அனுப்புங்கள். கடிதம் போய்ச் சேர்ந்ததும் போனும் எடுங்கள்.

90,000 ரூபா விடயம் ஆட்டை விடப் பெரிது என்பேன். ஆடு செத்தது பாதி இயற்கை, பாதி உங்கள் தவறு. ஒரு நோக்கத்துக்கென்று தந்த காசை வேறு நோக்கத்துக்குத் திருப்புவது, கூரை எவ்வளவுதான் ஒழுகினாலும், தந்தவரின் சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாத காரியம். இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் பரிந்துரைத்த கணக்கு முறையிலும், கட்டுப்பாட்டோடு வந்த நிதியைப் பொது நிதியோடு கலக்காமல் பிரித்துக் காட்ட வேண்டும். சட்டத்தில் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள். காசு யாருடைய பைக்குள்ளும் போகவில்லை, தகரம் கூரையில் இருக்கிறது, பற்றுச்சீட்டும் இருக்கிறது. பெரும்பாலும் அவர்கள் பின்னேற்பாகச் சம்மதம் தருவார்கள், அல்லது பொது நிதியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஆட்டுத் திட்டத்துக்கே வைக்கச் சொல்வார்கள். இரண்டுக்கும் ஆயத்தமாகப் போங்கள். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

2022 மார்கழியில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடும் ஆடும் நூற்றுக்கணக்கில் விறைத்துச் செத்தன. வெளிநாட்டிலிருக்கிற உங்கள் ஊர்க்காரர்களும் அந்தப் படங்களைப் போனில் பார்த்தவர்கள்தான். அன்றைக்கே இரண்டு வரி எழுதியிருந்தால் பாதிப் பேர் கொட்டில் போடக் காசு அனுப்பியிருப்பார்கள். அதை நினைத்து இப்போது கவலைப்பட்டுப் பயனில்லை. உங்கள் கடிதத்தின் நாலாம் பக்கத்தில், போகிற போக்கில், ஆறு குடும்பங்கள் விடாமல் வளர்த்து இன்று அவர்களிடம் 31 ஆடு நிற்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இதை ஏன் ஒளித்தீர்கள்? செத்ததைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது என்பதால், இரண்டையும் சேர்த்துப் புதைத்துவிட்டீர்கள்.

அறிக்கையில் இந்தப் பகுதியை நான் எழுதினால் இப்படி எழுதுவேன். உங்கள் பேச்சில் மாற்றிக்கொள்ளுங்கள்:

“2022 ஐப்பசியில் 20 குடும்பங்களுக்கு 40 ஆடுகள் கொடுத்தோம். மார்கழிக் குளிரில் 17 செத்தன. உயர்த்திக் கட்டிய பரண் கொட்டிலுக்கு வைத்த காசிலும் ஆடு வாங்கியது எங்கள் பிழை. மிஞ்சிய 23இல் 9 ஆடுகளைக் குடும்பங்கள் படிப்புக்கும் மருந்துக்குமாக விற்றன. 14 ஆடுகளோடு ஆறு குடும்பங்கள் தொடர்ந்தன. இன்று அவர்களிடம் 31 ஆடுகள். 90,000 ரூபா மிஞ்சியது, அதைத் தந்த லண்டன் அமைப்பைக் கேளாமல் முன்பள்ளிக் கூரைக்குச் செலவழித்தோம். இவற்றை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இனிக் கொட்டில் இல்லாத வீட்டுக்கு ஆடு கொடுப்பதில்லை என்று 12 பேரும் கூடித் தீர்மானித்திருக்கிறோம்.”

கடைசி வாக்கியத்தை நான் கற்பனையில் எழுதியிருக்கிறேன். உண்மையிலேயே கூடித் தீர்மானித்த பிறகு போடுங்கள். விற்ற 9 ஆட்டையும் தோல்விக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வன்னியில் ஆடு என்பது நடமாடுகிற உண்டியல். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கடனுக்குப் போகாமல் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போக முடிந்ததே, அதற்காகத்தான் அதைக் கொடுத்தீர்கள்.

சம்பளம்

35,000 ரூபாவை “கல்வி”க்குள் மறைப்பதை இந்த வருடத்தோடு நிறுத்துங்கள். காரணம் ஒழுக்கம் மட்டுமில்லை, கணக்குத் தெரிந்த ஒருவர் கேட்டால் பிடிபடும். 38 பிள்ளைக்கு மாதம் 3,000 என்றால் வருடத்துக்கு 1,368,000. உங்கள் கல்விச் செலவு அதைவிட 420,000 ரூபா கூட நிற்கும். பன்னிரண்டால் வகுத்தால் 35,000. உங்கள் கொடையாளர்களில் கணக்காளர்களும் இருக்கிறார்கள், லண்டனில் பெற்றோல் நிலையம் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கணக்கைச் செய்ய அவர்களுக்கு ஒரு நிமிடம் போதும். ஆட்டுக் கதை தெரிந்த பிறகு அந்த ஒரு நிமிடத்தை அவர்கள் செலவழிப்பார்கள்.

சம்பளம் குறைந்தால்தான் நல்ல அமைப்பு என்ற எண்ணம் இங்கே மட்டும் உள்ளதில்லை. அமெரிக்காவில் அறக்கட்டளைகளை மதிப்பிட்டு மக்களுக்குச் சொல்கிற கைட்ஸ்டார், சரிட்டி நவிகேட்டர், பி.பி.பி. வைஸ் கிவிங் அலையன்ஸ் ஆகிய மூன்று அமைப்புகளும் 2013இல் சேர்ந்து ஒரு பகிரங்கக் கடிதம் எழுதின. நிர்வாகச் செலவு வீதத்தை மட்டும் வைத்து ஓர் அமைப்பை எடை போடாதீர்கள், அது தப்பான அளவுகோல் என்று. காலங்காலமாக அந்த வீதத்தைக் காட்டி வந்தவர்களே அப்படிச் சொல்ல வேண்டி வந்தது. நீங்கள் செய்ய வேண்டியது சுலபம். “இணைப்பாளர் சம்பளம்” என்று தனி வரி போடுங்கள். அந்தப் பிள்ளை மாதம் எத்தனை வீட்டுக்குச் சைக்கிளில் போகிறாள், எத்தனை பள்ளிக்கூட வரவுப் பதிவைப் பார்க்கிறாள் என்று அடியில் இரண்டு வரி எழுதுங்கள். சைக்கிளா ஸ்கூட்டியா என்று கடிதத்தில் இல்லை, எதுவோ அதை எழுதுங்கள்.

இதோடு சேர்த்து ரூபாவின் கதையையும் சொல்ல வேண்டும். 2022 தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. வெளியில் இருக்கிறவர்கள், நாங்கள் அனுப்புகிறது இப்போது இரட்டிப்பாகப் போகிறது என்று நினைத்தார்கள், சிலர் தொகையைக் குறைத்தும் இருப்பார்கள். அதே ஆண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி விலைவாசி ஏற்றம் கிட்டத்தட்ட 70 வீதம். பிறகு ரூபா கொஞ்சம் தேறியது, ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. இதைப் பொருளாதாரக் கட்டுரையாக எழுதத் தேவையில்லை. உங்கள் கோப்பில் 2021ஆம் ஆண்டு வாங்கிய சீ.ஆர். கொப்பி, சப்பாத்து, பள்ளிக்கூடப் பை என்பவற்றின் பில் இருக்கும். போன வருடப் பில்லும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள். பிள்ளைகளின் படத்துக்குப் பதிலாக அறிக்கையில் வரக்கூடிய நல்ல படம் அதுதான்.

பிள்ளைகளின் முகம்

மருமகனின் யோசனையைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது. 2007இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தியின் கதையை மட்டும் வாசித்தவர்கள், ஆபிரிக்கப் பட்டினிப் புள்ளிவிபரத்தை வாசித்தவர்களை விடக் கூடுதலாகக் காசு கொடுத்தார்கள். கதையையும் புள்ளிவிபரத்தையும் சேர்த்துக் காட்டியபோது கொடை குறைந்தது. ஒரு முகம் மனதை அசைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே கொடுத்தவர்கள் மாலியைக் கண்டிராதவர்கள், ஒருமுறை கொடுத்துவிட்டுப் போகிறவர்கள். உங்கள் ஆட்கள் முத்தையன்கட்டுக் குளத்தில் குளித்து வளர்ந்தவர்கள். பத்து வருடமாகத் தருகிறவர்கள். அவர்களுக்கு அழுகை காட்ட வேண்டியதில்லை. என் அனுபவத்தில், அழுகைப் படம் வந்தால் அவர்கள் கேட்கிற கேள்வி, “இத்தனை வருசம் அனுப்பியும் இன்னும் இப்படியே இருக்கோ?” என்பதுதான்.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. பெயரை மாற்றிவிட்டோம், முகத்தை மறைத்துவிட்டோம், ஆகவே பாதுகாப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். “எட்டாம் வகுப்பு, தகப்பன் இல்லை, தாய்க்கு ஒரு கால் இல்லை, அம்மம்மாவோடு இருக்கிறாள்” என்று போட்டால், வாசிக்கிறவர்கள் அதே ஊர்க்காரர்கள். இரண்டாம் வரி முடிய முன்னம் யாருடைய பிள்ளை என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போடுவார்கள். அது திரும்பி வந்து அதே பிள்ளையின் வகுப்பறைக்குள் இறங்கும். “உனக்குக் கனடாக் காசு வருதாமே” என்று ஒரு பிள்ளை கேட்டால் போதும். “முன்னாள் போராளி குடும்பம்”, “காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவி” போன்ற அடைமொழிகளை ஒருவர் பேரோடும் வீட்டோடும் சேர்த்து எழுதவே எழுதாதீர்கள். ஒருமுறை வட்ஸ்அப்பில் போன பீ.டி.எஃப். யார் மேசைக்குப் போய்ச் சேரும் என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் நாட்டில் வந்திருக்கிறது. சட்டம் வராவிட்டாலும் இது அந்தப் பிள்ளைக்கு நாங்கள் காட்ட வேண்டிய மரியாதை.

சுவிஸ் அன்பருக்கு போன் நம்பர் கொடுக்க வேண்டாம், எந்தக் கொடையாளருக்கும் வேண்டாம். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நேரடித் தொடர்பு வந்தால் பிள்ளைக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டிய சுமை வரும், சில இடங்களில் அதைவிட மோசமானதும் வந்திருக்கிறது. அவருக்கு இப்படி எழுதுங்கள்: “அண்ணை, நம்பர் தருவதில்லை என்பது எல்லோருக்கும் பொதுவான விதி. நீங்கள் உதவும் பிள்ளை வருடத்துக்கு இரண்டு தரம், தன் பெயர் போடாமல், தன் கைப்பட எங்களுக்கு எழுதித் தருவார். அதை உங்களுக்கு அனுப்புவோம்.” பிள்ளைக்கு எழுத விருப்பமில்லை என்றால் அதையும் விட்டுவிடுங்கள்.

எத்தனை பக்கம், எப்போது, யாருக்கு

அச்சகத்துக்குக் கொடுக்கும் 185,000 ரூபா ஒரு பிள்ளைக்கு 61 மாதப் படிப்புச் செலவு. அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்குகிறவர் முதலில் விலையைத்தான் நினைப்பார். எட்டுப் பக்கம் போதும். போனில் திறந்து வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில், சின்ன பீ.டி.எஃப். ஆக. வயதானவர்களுக்கும் ஊருக்கும் முப்பது போட்டோப் பிரதி. முதல் பக்கத்தில், போன வருடம் என்ன சொன்னோம், எது நடந்தது, எது நடக்கவில்லை. இரண்டு பக்கம் கணக்கு, ரூபாவில். மிச்சம் ஆடு, முன்பள்ளி, படிப்பு. கடைசி அரைப் பக்கத்தை ஆங்கிலத்திலும், முடிந்தால் ஜேர்மனிலும் போடுங்கள். உங்களுக்குக் காசு அனுப்புகிறவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வருவது குறைவு. இன்னும் பத்து வருடத்தில் அவர்கள்தான் முடிவெடுக்கிறவர்கள்.

வரிச்சலுகை இலக்கம் என்ற பேச்சையும் எடுக்க வேண்டாம். கனடாவில் பதிவு செய்த அறக்கட்டளையும் அந்நாட்டு வருமான வரி அமைப்பு அங்கீகரித்த வேறு சில அமைப்புகளுமே வரிக்குரிய பற்றுச்சீட்டுக் கொடுக்கலாம். ஒட்டுசுட்டானில் பதிந்த சங்கம் கொடுக்க முடியாது. நேரே உங்கள் கணக்குக்கு அனுப்புகிறவருக்கு அங்கே சலுகை கிடையாது. மருமகன் அங்குள்ள பதிவு பெற்ற ஓர் அமைப்பு மூலம் அனுப்ப ஒழுங்கு செய்தால் கிடைக்கலாம். அப்படியானால், அந்த அமைப்பு தன் நாட்டுச் சட்டப்படி காசு எப்படிச் செலவானது என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டும், உங்களிடம் இன்னும் கூடுதலாகப் பேப்பர் கேட்கும். நல்ல ஆண்டறிக்கை அப்போது பாதி வேலையை முடித்துவிடும்.

உங்கள் நிதியாண்டு மார்கழியோடு முடிகிறது. மாசி, பங்குனியில் கணக்காய்வு, சித்திரையில் பொதுக்கூட்டம், வைகாசியில் வரும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முன்னம் அறிக்கை வெளியில் போக வேண்டும். ஆடி, ஆவணியில் அங்கே பள்ளிக்கூட விடுமுறை, அப்போதுதான் ஆட்கள் ஊருக்கு வருகிறார்கள். வருகிறவர் எட்டுப் பக்கத்தையும் வாசித்துவிட்டு வரட்டும். 31 ஆட்டையும் காட்டச் சொல்லிக் கேட்கட்டும்.

ஒன்று முக்கியம். வெளிநாட்டுக்கு அனுப்ப முன்னம் பொதுக்கூட்டத்தில் உரத்து வாசியுங்கள். ஆடு வாங்கிய 20 குடும்பமும் அங்கே இருக்க வேண்டும். “என்ரை ரெண்டு ஆட்டையும் குளிர் கொண்டுபோகேல்லை, நாய் கடிச்சது” என்று யாராவது எழும்பிச் சொன்னால், திருத்திக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பிரதியை முன்பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். ஊர்ச் சுவரில் ஒட்டத் துணிவில்லாத வரியை ரொறன்ரோவுக்கும் அனுப்ப வேண்டாம்.

நின்ற 24 பேர்

இவர்களுக்கும் அறிக்கை போக வேண்டும், கையேந்தாமல். ஓய்வூதியத்துக்குப் போன ஐவருக்கு, “நீங்கள் தந்த காலத்தில் முன்பள்ளியில் இருந்த பிள்ளைகள் இப்போது எந்த வகுப்பில்” என்று ஒரு தனி வரி எழுதுங்கள், காசுப் பேச்சு வேண்டாம். காரணம் தெரியாத பத்துப் பேருக்கும் ஒரே ஒரு கேள்வி: “எங்களிடம் ஏதும் குறை கண்டீர்களா?” பாதிப் பேர் பதில் போடமாட்டார்கள். வங்கி அட்டை மாறி, தானாகப் போகிற காசு நின்றுபோனதே தெரியாமல் இரண்டு பேராவது இருப்பார்கள். இது நான் திரும்பத் திரும்பக் கண்டது. ஆட்டால் நின்ற ஆறு பேருக்கு அறிக்கையோடு தலைவி கைப்பட ஒரு கடிதம் எழுத வேண்டும். லீவில் வந்தவருக்கு முதலாவதாக.

காலமான மூவரின் பெயரை, வீட்டாரின் சம்மதத்தோடு, அறிக்கையில் போடுங்கள். எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை தந்தார்கள், எத்தனை பிள்ளைகள் அந்தக் காசில் படித்தார்கள் என்று. கோயில் உபயம் தகப்பனுக்குப் பிறகு மகனிடம் போவது எங்களிடம் வழக்கம்தானே. அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தகப்பன் மாதாமாதம் இப்படி ஒரு காசு அனுப்பினார் என்பதே தெரியாமல் இருக்கலாம். அவர்களிடம் எதுவும் கேட்க வேண்டாம், அந்தப் பக்கத்தை மட்டும் அனுப்பிவிடுங்கள்.

அச்சகத்துக்கு முற்பணம் ஏதும் கட்டிவிட்டீர்களா என்று கடிதத்தில் எழுதவில்லை. கட்டாவிட்டால் இன்றைக்கே போன் எடுத்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கட்டியிருந்தால் அந்தக் காசுக்கு அடுத்த வருட வரவுப் பதிவேடும் பற்றுச்சீட்டுப் புத்தகமும் அடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.